கால் வேண்டும், தலை வேண்டாம்

"பந்து உதைச்சவன் கையில நாட்டைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்." 2023 நவம்பரில் லைபீரியாவின் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜார்ஜ் வியா தோற்றபோது இந்த வாக்கியத்தைப் பல வாய்களிலிருந்து கேட்டேன். சொன்னவர்களில் பாதிப்பேருக்கு லைபீரியா ஆப்பிரிக்காவின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. லைபீரியா ஒரு சாக்கு. பறை அடிச்சவன், செருப்பு தைச்சவன், மாடு மேய்ச்சவன், பந்து உதைச்சவன் என்று வினைச்சொல்லை மட்டும் மாற்றிப் போட்டுத் தலைமுறை தலைமுறையாக ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேதத்தின் புருஷசூக்தம் மனிதனைக் கூறுபோட்டது. வாயிலிருந்து பார்ப்பான், தோளிலிருந்து சத்திரியன், தொடையிலிருந்து வைசியன், பாதத்திலிருந்து சூத்திரன். நமக்கு அந்த உடம்பில் இடமே கிடையாது. உடம்பைக் கூறுபோட்டு, எந்தக் கூறு எந்த வேலையைச் செய்யலாம் என்று விதி எழுதுகிற வேலை இந்தியாவோடு நின்றுவிடவில்லை. நிறத்தின் பெயரால் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. கறுப்பனின் கை பருத்திக்கு, தொண்டை பாட்டுக்கு, கால் பந்துக்கு. தலை? அது எசமானிடமே இருக்கட்டும்.

தோழர்களே, வியாவைப் பற்றிச் சொல்ல இரண்டு உண்டு. ஒன்று: அவருடைய ஆட்சி அவரை நம்பி ஓட்டுப் போட்ட ஏழைகளைக் கைவிட்டது. இரண்டு: அது பந்தாட்டக்காரனின் ஆட்சி என்பதால் கைவிடவில்லை. முதலாவதை உரக்கச் சொல்லி இரண்டாவதை மறைக்கிறது ஆதிக்கத்தின் பொதுப்புத்தி. இரண்டாவதைச் சொல்லவந்த நம்மாட்கள் சிலர் முதலாவதை மூடி மறைக்கிறார்கள். இரண்டு மறைப்பும் நமக்கு ஆகாது.

*

முதலில் அந்த மண்ணைப் பற்றி. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பர்களை அமெரிக்காவிலேயே வைத்துக்கொள்ள வெள்ளையர்களுக்கு மனமில்லை. 1816இல் அமெரிக்கக் குடியேற்றச் சங்கம் என்று ஒன்றை உண்டாக்கி, அவர்களைக் கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 1822இல் குடியேற்றம், 1847இல் லைபீரியா தனிநாடு. விடுதலை என்ற சொல்லிலிருந்தே நாட்டுக்குப் பெயர். சுதந்திரத்தின் மீது கொண்ட காதலே எங்களை இங்கே கொண்டுவந்தது என்பது அந்நாட்டின் முத்திரை வாசகம். அந்த 'எங்களை' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கப்பலில் வந்தவர்கள்தான் அதில் இருக்கிறார்கள். ஏற்கெனவே அந்த மண்ணில் இருந்த குரு, பாசா, க்பெல்லே, க்ரான் மக்கள் அதில் இல்லை.

அடிமைச் சங்கிலியின் தழும்பு ஆறாத கறுப்பர்கள், வந்த இடத்தில் இன்னொரு கறுப்பனுக்கு எசமானானார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு அய்ந்துகூட இல்லாத குடியேறிகளின் வம்சம் நாட்டை ஆண்டது. அவர்களுடைய உண்மை விக் கட்சி 1878லிருந்து 1980வரை தொடர்ந்து ஆட்சியில் இருந்தது. மண்ணின் மக்களுக்குக் குடியுரிமை என்ற பெயரளவு அங்கீகாரம் கிடைத்ததே 1904இல்தான். குடிசைக்கு வரி உண்டு, ஓட்டு கிடையாது. 1930இல் உலக நாடுகள் சங்கத்தின் விசாரணைக் குழு, லைபீரியாவின் பழங்குடி மக்கள் பிடித்துச் செல்லப்பட்டு பெர்னாண்டோ போ தீவின் தோட்டங்களுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டதையும், அதில் அரசு உயர்பதவியாளர்களுக்கே பங்கு இருந்ததையும் வெளியே கொண்டுவந்தது. குடியரசுத் தலைவரும் துணைத் தலைவரும் பதவி விலக வேண்டிவந்தது. அடிமைகளின் பேரன்கள் ஆள்பிடித்து அனுப்பினார்கள்!

அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதன் கனம் இங்கே விளங்கும். மேலிருந்து மிதிபடுகிறவனுக்குக் கீழே மிதிக்க ஒரு தலையைக் கொடுத்துவிட்டால் போதும், ஏணி தானாக நிற்கும். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போன பிறகும் அந்த ஏணி லைபீரியாவில் நின்றது. நிறம் ஒன்றுதான், ஏணி மட்டும் உண்டு. நிறம் ஒன்றாக இருக்கும் நாட்டில் ஏணி எப்படி நிற்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

*

அந்த ஏணியின் அடிப்படிக்கட்டில், 1966 அக்டோபர் 1 அன்று, குரு மக்களில் ஒருவராகப் பிறந்தவர் ஜார்ஜ் வியா. வளர்ந்தது தலைநகர் மன்ரோவியாவின் கிளாரா டவுன் சேரியில். வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி. பள்ளிப்படிப்பு முடியவில்லை. தொலைபேசி நிறுவனத்தில் சுவிட்ச்போர்டு வேலை பார்த்துக்கொண்டே மைட்டி பாரோல், இன்வின்சிபிள் லெவன் ஆகிய உள்ளூர் அணிகளுக்கு ஆடினார். அங்கிருந்து கேமரூன். 1988இல் பிரெஞ்சு லீக்கில் ஆடும் மொனாக்கோ அணிக்கு அவரை எடுத்தவர் ஆர்சன் வெங்கர். கொடுத்த விலை சுமார் 12,000 பவுண்டு என்று சொல்வார்கள். அந்தக் காலத்து அய்ரோப்பியப் பந்தாட்டச் சந்தையில் அது சில்லறைக் காசு.

சில்லறைக் காசுக்கு வாங்கிய ஆள் என்ன செய்தார்? மொனாக்கோவோடு 1991இல் பிரெஞ்சுக் கோப்பை. பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியோடு 1994இல் பிரெஞ்சு லீக் பட்டம். 1994-95 சாம்பியன்ஸ் லீக்கில் 7 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர் அவர். 1995இல் இத்தாலியின் ஏ.சி. மிலான். அங்கே இரண்டு முறை லீக் பட்டம், 1996, 1999. ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது மூன்று முறை. 1995இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஃபிஃபா விருது. அதே ஆண்டு பாலோன் தோர் என்கிற தங்கப் பந்து.

இந்தத் தங்கப் பந்தின் கதையைத் தகுதி, திறமை என்று நம்மிடம் வாய் கிழியப் பேசுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை 1956இல் தொடங்கிய விருது அது. அய்ரோப்பிய நாட்டுக்காரனாக இருந்தால்தான் தருவார்கள். 39 ஆண்டுகள் அதுதான் விதி. பெலேவுக்குக் கிடையாது, மரடோனாவுக்குக் கிடையாது. மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ 1965இல் வாங்கினார்; போர்ச்சுகல் அந்த மண்ணைக் காலனியாக வைத்திருந்ததால் அவர் போர்ச்சுகல்காரர் ஆக்கப்பட்டிருந்தார். 1995இல்தான் விதியைத் தளர்த்தினார்கள். அய்ரோப்பிய அணிக்கு ஆடுகிற எந்த நாட்டுக்காரனும் போட்டியில் நிற்கலாம் என்றார்கள். கதவு திறந்த அந்த முதல் ஆண்டே உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார் வியா. இன்றுவரை அதை வாங்கிய ஒரே ஆப்பிரிக்கர் அவர்தான்.

வங்கியில் என் பக்கத்து மேசைக்காரர்கள் 'கோட்டா' என்று கிசுகிசுக்கும் போதெல்லாம் இந்த 39 ஆண்டுகள் எனக்கு ஞாபகத்துக்கு வரும். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவனையே சிறந்தவன் என்று அறிவித்துக்கொண்டிருந்த காலத்துக்கு யாரும் கோட்டா என்று பெயர் வைக்கவில்லை. அது தகுதியாம். கதவைத் திறந்தால்தான் அது சலுகையாம்!

*

சரி, கோப்பையைக் கொடுத்தார்கள். எதற்குக் கொடுத்தார்கள்? காலுக்கு. கறுப்பு ஆட்டக்காரன் கோல் போட்டால் வேகம், பலம், இயற்கை என்று பேசுவதும், வெள்ளை ஆட்டக்காரன் கோல் போட்டால் மூளை, பார்வை, ஞானம் என்று பேசுவதும் பந்தாட்ட வர்ணனையின் பழைய வியாதி. ஒருவனுக்கு உழைத்துச் சம்பாதித்த அறிவு. இன்னொருவனுக்குப் பிறக்கும்போதே வந்த தசை. தசைக்கு யார் நன்றி சொல்வார்கள்? அது காட்டில் விளைந்தது, பறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

1996 செப்டம்பர் 8 அன்று மிலான் நகரில் வெரோனா அணிக்கு எதிராக வியா போட்ட கோலைப் பாருங்கள். வெரோனாவின் கார்னர் கிக். பந்து மிலானின் பெனால்டி எல்லைக்குள் வந்து விழுகிறது. அதை எடுக்கிறவர் வியா. ஸ்டிரைக்கர் தன் சொந்த கோலுக்கு அருகே நிற்கிறார் என்பதே முதலில் கவனிக்க வேண்டியது: தற்காக்க வந்திருக்கிறார். எதிரணியின் ஆட்கள் பெரும்பாலும் கார்னருக்காக முன்னே வந்துவிட்டார்கள், எதிர்ப்பக்கம் வெட்டவெளி. அதைப் படித்தது கால் இல்லை, கண்ணும் தலையும். ஓடத் தொடங்குகிறார். நடுக்கோட்டருகே சூழ்ந்துகொள்கிறார்கள்; சுழன்று வெளியே வருகிறார். எங்கே வேகத்தைக் கூட்டுவது, எங்கே பந்தைச் சற்றுத் தள்ளிவிட்டு எதிராளியை ஏமாற்றுவது, எப்போது உதைப்பது என்று கிட்டத்தட்ட மைதானத்தின் நீளம் முழுக்க ஒவ்வொரு அடியிலும் ஒரு முடிவு. கடைசியில் தாழ்வாக ஒரு உதை, கோல். கூட்டம் எழுந்து நிற்கிறது. ஒரு மனிதன் சில வினாடிகளில் அத்தனை முடிவுகளைச் சரியாக எடுத்ததற்கு அறிவு என்ற பெயரைத் தர மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. நாற்று நடுகிறவளின் விரல், பறை அடிக்கிறவனின் மணிக்கட்டு, தோலைப் பதப்படுத்துகிறவனின் கைக்கணக்கு எல்லாவற்றுக்கும் இதேதான் நடந்தது. அறிவைத் திருடிக்கொண்டு அதற்கு உடலுழைப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அதே 1996 நவம்பரில் போர்ச்சுகலின் போர்ட்டோ அணியோடு ஆட்டம். முடிந்து போகும் வழியில், மைதானத்தின் சுரங்கப்பாதையில், போர்ட்டோவின் ஜார்ஜ் கோஸ்டாவைத் தலையால் முட்டினார் வியா. கோஸ்டாவுக்கு மூக்கு உடைந்தது. இரண்டு ஆட்டங்களிலும் தன்னை இனத்தைச் சொல்லித் திட்டினார் என்றார் வியா. இல்லை என்றார் கோஸ்டா, கடைசிவரை மறுத்தார். சாட்சி இல்லை. முட்டியவருக்கு ஆறு ஆட்டத் தடை. திட்டியதாகச் சொல்லப்பட்ட விஷயம் அத்தோடு போயிற்று. 1996ஆம் ஆண்டுக்கான ஃபிஃபாவின் நன்னடத்தை விருது வியாவுக்கே தரப்பட்டது என்பது இதன் உச்சக் கேலிக்கூத்து.

உடைந்த மூக்கு தெரியும், உடைந்த மனசு தெரியாது. சுரங்கப்பாதையில் என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் சுரங்கப்பாதை என்ற இடத்தை நாம் நன்றாக அறிவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. நாலு சுவருக்குள், சாட்சியில்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. திட்டுகிறவனுக்கு இது தெரியாதா? அவன் எப்போதும் சுரங்கப்பாதையைத்தான் தேர்ந்தெடுப்பான். நாம் பொறுத்துக்கொள்ள முடியாமல் கையை ஓங்கும்போது மட்டும் எங்கிருந்தோ நூறு சாட்சி வருவார்கள்.

*

வியா மிலானில் ஆடிய காலத்தில் அவருடைய நாடு எரிந்துகொண்டிருந்தது. 1980 ஏப்ரலில் க்ரான் இனத்துச் சிப்பாய் சாமுவேல் டோ, குடியேறி வம்சத்துத் தலைவர் டால்பர்ட்டைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். 133 ஆண்டுகளுக்குப் பிறகு மண்ணின் மகன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தான் என்று தெருக்களில் ஆடினார்கள். 13 உயர்பதவியாளர்களைக் கடற்கரையில் கம்பத்தில் கட்டிச் சுட்டார் டோ. பிறகு தன் இனத்தை மட்டும் மேலே ஏற்றி மற்றவர்களை மிதித்தார். ஏணி உடையவில்லை, உட்கார்ந்த ஆள் மாறினான். 1989 கடைசியில் சார்லஸ் டெய்லர் படையோடு நுழைந்தார். 2003வரை இரண்டு உள்நாட்டுப் போர்கள். செத்தவர்கள் இரண்டரை லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. பத்து வயதுப் பிள்ளைகள் கையில் துப்பாக்கி.

அந்தக் காலத்தில் அரசாங்கம் என்று ஒன்று இல்லாதபோது, லோன் ஸ்டார் எனப்படும் தேசிய அணியைத் தன் சொந்தப் பணத்தில் நடத்தினார் வியா. சட்டை, விமான டிக்கெட், சம்பளம் எல்லாம் அவர் பையிலிருந்து. 1996இலும் 2002இலும் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிக்கு அந்த அணி போனது. 2002 உலகக்கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பை ஒரே ஒரு புள்ளியில் நைஜீரியாவிடம் இழந்தது. உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் கடைசிவரை ஒரு உலகக்கோப்பை ஆட்டம்கூட ஆடவில்லை. 1996இல், அய்.நா. வந்து நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அமெரிக்கப் பத்திரிகையில் அவர் பேசினார். சில நாட்களில் மன்ரோவியாவில் அவர் வீட்டை எரித்தார்கள். எரித்தது டெய்லரின் ஆட்கள் என்றே அப்போது செய்தி வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2003இல் ஆட்டத்தை விட்டார். 2005இல் தேர்தலில் நின்றார். முதல் சுற்றில் 28 சதவீதம் வாங்கி முதலிடம். சேரி முழுக்க, துப்பாக்கியைக் கீழே போட்ட இளைஞர்கள் முழுக்க அவர் பின்னால். உடனே தொடங்கிவிட்டது பாட்டு: "படிக்காதவன், பள்ளிக்கூடமே முடிக்காதவன், இவனுக்கு நிர்வாகம் என்ன தெரியும்?" எதிரே நின்றவர் எல்லன் ஜான்சன் சர்லீஃப், ஹார்வர்டில் படித்தவர், உலக வங்கியில் வேலை பார்த்தவர். (அவர் குடியேறி வம்சமல்ல, ஆனால் அந்த வட்டத்தின் பழக்கவழக்கத்தில் வளர்ந்த குடும்பம்.) இரண்டாம் சுற்றில் வியா தோற்றார். தன்னிடமும் பட்டம் இருக்கிறது என்று அவர் காட்டியது லண்டன் பெயரில் இயங்கிய அங்கீகாரமில்லாத ஒரு 'பல்கலைக்கழக'த்தின் காகிதம். அது அவமானம்தான். ஆனால் நாற்பது வயதை நெருங்குகிற, உலகம் சுற்றிய, நாலு மொழி கேட்டு வளர்ந்த ஒரு மனிதனை அந்தப் போலிக் காகிதத்தின் பின்னால் ஒளியத் துரத்தியது எது என்றும் கேட்க வேண்டும். பிறகு அவர் பள்ளித் தேர்வு எழுதினார். அமெரிக்காவில் சேர்ந்து பட்டமும் முதுகலைப் பட்டமும் வாங்கினார்.

கல்வியை நான் குறைத்துப் பேசவில்லை. கற்பி என்பதுதான் அம்பேத்கர் நமக்குச் சொன்ன முதல் சொல். பட்டம் கையில் கருவியாக இருந்தால் நமக்கு விடுதலை. அதுவே தோளில் பூணூலாகத் தொங்கினால்? இதோ கணக்கு: அந்த நாட்டைச் சுடுகாடாக்கிய சார்லஸ் டெய்லர் அமெரிக்காவில் பொருளாதாரம் படித்த பட்டதாரி. பழைய விக் கட்சித் தலைவர்கள் கோட்டும் தொப்பியும் போட்ட படித்த கனவான்கள். நோபல் பரிசு பெற்ற சர்லீஃப் தன் மகன்களை எண்ணெய் நிறுவனத்திலும் மத்திய வங்கியிலும் பாதுகாப்புத் துறையிலும் உட்கார வைத்தார். அப்போதெல்லாம் "படிச்சவன் கையில நாட்டைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று யாராவது சொன்னார்களா? படித்தவன் திருடினால் அது அவனுடைய தனிப்பட்ட குணக்கேடு. படிக்காதவன் திருடினால் அது அவன் பிறப்பின் குணம்.

*

2014இல் வியா செனட்டுக்குப் போட்டியிட்டுத் தலைவரின் மகனையே தோற்கடித்தார். 2017 டிசம்பரில் 61 சதவீதத்துக்கு மேல் வாங்கிக் குடியரசுத் தலைவரானார். 2018 ஜனவரியில் பதவியேற்பு. 1944க்குப் பிறகு தேர்தல் வழியாக ஒரு தலைவரிடமிருந்து இன்னொரு தலைவருக்கு ஆட்சி கைமாறியது அதுதான் முதல் முறை. கிளாரா டவுன் அன்று தூங்கியிருக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் சம்பளத்தில் 25 சதவீதத்தைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தார். அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணத்தை 2018இல் ரத்து செய்தார். படிக்காதவன் என்று ஏளனம் செய்யப்பட்டவன் படிப்பின் கதவைத் திறந்தான் என்பது சின்ன விஷயமில்லை.

இனி மற்றது. துணைத் தலைவராக அவர் கூட்டிவந்தது யாரை? ஜுவல் ஹோவர்ட் டெய்லரை. சார்லஸ் டெய்லரின் முன்னாள் மனைவி, டெய்லர் தொடங்கிய கட்சியின் தலைவர். எரிந்த வீட்டின் சாம்பல் மேல் கூட்டணிப் பந்தல்! ஓட்டுக் கணக்கு அப்படி. டெய்லருக்கு 2012இல் சர்வதேச நீதிமன்றம் 50 ஆண்டு தண்டனை கொடுத்தது; ஆனால் அது பக்கத்து நாடான சியரா லியோனில் செய்த குற்றங்களுக்கு. லைபீரியாவில் செத்த மக்களுக்கு லைபீரியாவுக்குள் ஒரு விசாரணை மன்றம் வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் தொண்டை வறளக் கேட்டார்கள். வியாவின் ஆறு ஆண்டுகளில் அது வரவில்லை. அவரைத் தோற்கடித்து வந்த போவாகாய்தான் 2024 மே மாதம் அதற்கான அலுவலகத்துக்கு உத்தரவு போட்டார்.

2018இல் புதிதாக அச்சடித்த நோட்டுகள் கோடிக்கணக்கில் காணோம் என்று நாடே தெருவுக்கு வந்தது. அச்சடிப்பு தொடங்கியது முந்தைய ஆட்சியில். விசாரித்த அந்நிய நிறுவனம் 2019இல், நோட்டு மொத்தமாகக் காணாமல் போனதற்கு ஆதாரமில்லை, ஆனால் கணக்கு ஒழுங்காக இல்லை என்றது. அதே 2018இல் உள்ளூர்ப் பணத்தைத் தாங்கிப் பிடிக்க 2.5 கோடி டாலரைச் சந்தையில் இறக்கச் சொன்னார் வியா. அதன் பதிவேடுகளும் சரியில்லை என்றே விசாரணையில் வந்தது. நான் கவுண்டரில் உட்காருகிறவன். மாலை கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் உதைத்தால் அதைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்குப் போக முடியாது. கிடைக்காவிட்டால் கைக்காசைப் போட வேண்டும். ஏழைநாட்டின் கஜானாவுக்கு அந்தக் கவுண்டர் ஒழுங்குகூட இல்லை என்றால், அதைத் 'தாழ்ந்தவர் மீதான அவதூறு' என்று நாம் துடைத்துவிட முடியாது. காய்கறி விற்கிறவளின் முந்தானை முடிச்சில் இருந்த பணம்தான் அங்கே மதிப்பிழந்தது.

2022 ஆகஸ்டில் அவருடைய அலுவலகத் தலைமைப் பொறுப்பாளர், அரசு வழக்குரைஞர், துறைமுகத் தலைவர் மூவர் மீதும் ஊழல் என்று சொல்லி அமெரிக்கா தடை போட்டது. அமெரிக்கா நீதிபதியா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் உள்நாட்டு மக்கள் 2019 ஜூனிலேயே ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கி இதைத்தானே சொன்னார்கள்?

எனக்கு எல்லாவற்றிலும் அதிகமாக வலிப்பது வேறு இரண்டு. 2018 செப்டம்பரில் நைஜீரியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில், 51 வயதில், நாட்டின் தலைவர் தன் பழைய 14ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு 79 நிமிடம் ஆடினார். 2022 கடைசியில், விலைவாசியில் மக்கள் திணறும்போது, நாற்பது நாட்களுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தார். அந்தப் பயணத்தின் நடுவே கத்தார் உலகக்கோப்பையில் தன் மகன் ஆடியதைப் பார்த்தார். மகன் ஆடியது எந்த நாட்டுக்கு? அமெரிக்காவுக்கு. கறுப்பனைக் கப்பலேற்றி லைபீரியாவை உண்டாக்கிய அதே அமெரிக்காவுக்கு. தகப்பன் மகனைப் பார்க்கப் போனது குற்றமில்லை. ஆனால் தன்னை வெறும் கால் என்று சொன்னவர்களுக்குத் தலையால் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில், அவர் திரும்பவும் காலையே காட்டினார். கைதட்டல் அங்கேதான் கிடைக்கும் என்று அவரும் நம்பிவிட்டார். ஒடுக்குகிறவன் நம்மைப் பற்றி எழுதிய பிரதியை நாமே மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான் அடிமைத்தனத்தின் கடைசிப் பூட்டு.

*

ஆகவே, அவர் ஏன் தோற்றார்? பந்தாடியதால் இல்லை. ஏணியை உடைக்க வந்தவர் ஏணியில் ஏறி உட்கார்ந்ததால். டோ துப்பாக்கியால் ஏறினார், வியா ஓட்டால் ஏறினார். ஏறிய இடம் ஒன்றுதான். 99 ஆண்டுக் குத்தகைக்கு, பத்து லட்சம் ஏக்கர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபயர்ஸ்டோன் ரப்பர் கம்பெனிக்கு 1926இல் எழுதிக் கொடுத்த நாடு அது. நிலம் யாரிடம், துறைமுகம் யாரிடம், வங்கி யாரிடம், கொலைகாரன் எங்கே என்ற கேள்விகளைத் தொடாமல் நாற்காலியில் மட்டும் முகத்தை மாற்றினால், புது முகத்துக்கும் பழைய முகமூடி தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கேட்டவுடன், "அப்ப நாற்காலியே வேண்டாமா?" என்று நம்மில் சிலர் கோபப்படுவார்கள். வேண்டும் தோழர். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக 1997இல் மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். நாற்காலிக்கு அர்த்தமில்லை என்றால் அவர்கள் ஏன் வெட்டினார்கள்? நாற்காலி நம் உரிமை. ஆனால் யார் போட்டுக் கொடுத்த நாற்காலி, யார் ஓட்டில் நிற்கிற நாற்காலி, உட்கார்ந்தவன் யாருக்குப் பதில் சொல்கிறான் என்பதைக் கேட்காமல் மாலை மட்டும் போடுகிற பழக்கத்தை விட வேண்டும். 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து தனித்தொகுதியில் நாம் பட்டுக்கொண்டிருப்பது இதுதானே? நம் முகம், அவர்கள் ஓட்டு. சேரிப் பையன் சிகரம் தொட்டான் என்ற கதையைச் சுவரொட்டியாக ஒட்டி ஒட்டி, சேரி ஏன் சேரியாகவே இருக்கிறது என்ற கேள்வியை மறந்துவிடுகிறோம். ஒருவனைத் தூக்கிக் காட்டி ஒரு கோடிப் பேரைச் சும்மா இருக்கச் சொல்வது பழைய தந்திரம். வியாவின் கோப்பைகளை அய்ரோப்பா அதற்குத்தான் பயன்படுத்தியது. அவரைக் கொண்டாடுகிற நாமும் அதற்கே பயன்படுத்தினால் என்ன வித்தியாசம்?

கடைசியாக ஒன்று. 2023 நவம்பர் 14 மறுதேர்தலில் போவாகாய்க்கு 50.64 சதவீதம், வியாவுக்கு 49.36. வித்தியாசம் சுமார் இருபதாயிரம் ஓட்டு. ராணுவம் அவர் கையில். முழு முடிவு வருவதற்கு முன்பே, 17ஆம் தேதி, எதிராளிக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்லித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நாட்டில் டால்பர்ட் கொல்லப்பட்டுப் போனார். டோ 1990இல் சித்திரவதை செய்யப்பட்டுச் செத்தார். டெய்லர் நாட்டைவிட்டு ஓடினார். இரண்டரை லட்சம் பேரைத் தின்ற மண்ணில், இருபதாயிரம் ஓட்டில் தோற்ற ஒருவன் ஒரு குண்டு வெடிக்காமல் எழுந்து போனான். விசில் ஊதினால் ஆட்டம் முடிந்தது என்பதை அவர் எங்கே கற்றார்? ஹார்வர்டிலா? படித்த கனவான்கள் யாரும் அந்த நாட்டுக்குச் சொல்லித்தராத பாடம் அது. பந்தாட்டக்காரன் சொல்லிக் கொடுத்தான். அதைச் செய்தது கால் இல்லை, தலை.

அந்தத் தலை தவறு செய்தபோது நாம் கணக்குக் கேட்போம். தலை என்று மதிப்பதால்தான் கேட்கிறோம். கால் வேண்டும் தலை வேண்டாம் என்கிறவனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: இந்த உடம்பு கூறுபோட்டு விற்பனைக்கு இல்லை. காலும் எங்களுடையது, தலையும் எங்களுடையது. அந்தத் தலைக்கு வருகிற பழியையும் நாங்களே சுமப்போம். காலை மட்டும் கழற்றி உங்கள் கோப்பை அலமாரிக்குத் தர மாட்டோம்.